தூசிக்குள் இரண்டு

மூன்று நாளாய்ப் புழுதிக்காற்று.
ஷார்ஜா அல் நஹ்தாவில் எதிர்க் கட்டடம் இல்லை.
இருக்கிறது;
மொட்டைமாடிச் சிவப்பு விளக்கு மட்டும்
பழுத்த கட்டிபோல் தெரிகிறது.
ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்திருக்கிறேன்.
விடிவதற்குள் அது காய்ந்து
அப்பளம்போல் விறைத்துவிடும்.

எனக்கு இரவு வேலை.
நான்கு கண்டத்து ஆன்டெனாக்கள்
ஒரே நேரம் ஒரே திசை பார்த்துப்
பதிந்துவைத்த இரைச்சலைப்
படமாக்கித் தர வேண்டும்.
மோதிக்கொண்ட இரண்டு விண்மீன் மண்டலங்கள்.
ஒளியிடம் கேட்டால் கையை விரிக்கிறது:
பழுப்பாய் ஒரு பொதி, அதற்குள் எதுவும் தெரியவில்லை.
ரேடியோவுக்குத் தூசி ஒரு பொருட்டில்லை.
விரல் நீள அலை,
சாம்பிராணிப் புகையினும் பொடியான மாசைக்
கண்டுகொள்ளாமல் கடந்து
கோடிக்கணக்கான வருடங்கள் நடந்து
என் மடிக்கணினிக்கு வந்திருக்கிறது,
வாடகை பாக்கியுள்ள இந்த அறைக்கு.

போன வாரம்வரை மையம் ஒன்றுதான்.
ஓர் ஆன்டெனாவின் கடிகாரம்
சில நானோநொடி பிசகியிருந்தது.
பிசகியதைத் தள்ளிவைத்துக் கணக்குப் பார்ப்பது என் வழக்கம்.
நேற்று ஏனோ அதைத் திருத்திச் சேர்த்தேன்.
கறை பிளந்தது.
கிழக்கில் ஒன்று. மேற்கில் ஒன்று.
மேற்கில் மட்டும் ஏழு பொட்டுகள்:
வெடித்தடங்கிய விண்மீன்களாக இருக்கலாம்,
ஒன்றிரண்டு
என் பிழையாகவும் இருக்கலாம்.

மெல்கியாஸ் கிரேன் ஓட்டுகிறான்.
எங்களுக்குக் கட்டில் ஒன்று, நேரம் இரண்டு.
நாலரைக்கு அவன் எழுவான், ஐந்துக்கு நான் சாய்வேன்.
ஏழு மாதமாய் அவனை
தலையணைப் பள்ளமாகவும்
கோடாலித் தைல வாடையாகவுமே தெரியும்.
இன்று காற்றில் கிரேனை நிறுத்திவிட்டார்களாம்.
எழுந்தவன் போகவில்லை.
பல் துலக்கிவிட்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

"ரெண்டும் இடிச்சா
நச்சத்திரமெல்லாம் நொறுங்கிப் போவுமோ?"

இல்லை என்றேன்.
அவ்வளவு இடைவெளி. ஒன்றையொன்று தொடாமலே போய்விடும்.
முட்டிக்கொள்வது வாயுவும் தூசியும்தான்.

"அப்பம் சண்ட பூராம்
புழுதிக்குத்தாம்ல," என்றான்.
ஆய்வேட்டில் இதை எழுத முடியாது.

பிறகு குனிந்து எண்ணினான்.
எட்டு இருக்கே என்றான்.
ஏழு என்றேன்.
எட்டுடே, எண்ணிப் பாரு.
எண்ணினேன். எட்டு.
அவன் கட்டைவிரலை எச்சில் தொட்டுத்
திரையில் ஒரு தேய்ப்புத் தேய்த்தான்.
ஒன்று போனது.

மிச்ச ஏழையும் அவன் தேய்த்துப் பார்த்தான்,
ஒவ்வொன்றாக, நிதானமாக.
போகவில்லை.
விரலால் துடைக்க முடியாத தூசியும் உண்டு என்று
சொல்ல வாயெடுத்தேன்.

அவன் ஏற்கெனவே படுத்துவிட்டான்,
சுவரோரம் ஒட்டி, பாதிக் கட்டிலை விட்டு.
கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.
அறுபத்து நான்கு சதவீதம்.