ஒழுகாத தையல்

ரப்பர் பசை விரலில் ஒட்டினால்
ஞாயிறு வரை போகாது.
நான் பிசைந்த ரொட்டியிலும் அந்த வாடை என்று
பாதிரியார் முகம் சுளிப்பார்.

கலிம்னோஸ் தீவில் பித்தளைத் தலை வந்து இறங்கியபோது
நான் பாய் தைப்பவள்.
ஊசி அதேதான், துணிதான் மாறியது.
கால்விரல் முதல் கழுத்து வரை ஒரே பை.
உள்ளே ஓர் ஆள்.
மேலே மூன்று சன்னல் வைத்த தலை.
தலையிலிருந்து படகுக்கு ஒரு குழாய்.
படகில் இரண்டு பேர் சக்கரம் சுற்றச் சுற்ற
அடியில் ஒருவன் மூச்சு விடுவான்.

அதற்கு முன்பு
கல்லைக் கட்டிக்கொண்டு அம்மணமாகக் குதித்தார்கள்.
தம் தீர்ந்தால் தானே மேலே வந்தார்கள்.
நெஞ்சுதான் கடிகாரம்.
பித்தளைக்குள் கடிகாரம் இல்லை.

ஆட்களின் முகத்தைவிட
அவர்கள் உடை எனக்குப் பழக்கம்.
நோமிகோஸுக்கு இடது முட்டி தேயும்,
மண்டியிட்டுத்தான் கடற்பஞ்சு அறுப்பான்.
யக்கூமிஸ் பயந்தாங்கொள்ளி,
கழுத்துப்பட்டையில் பல் பதிந்திருக்கும்.
சகெல்லாரிஸின் உடையில் தேய்மானமே கிடையாது.
எதையும் தொடாமல் போய்வருவான் போல.

ஈஸ்டர் கழிந்து பெங்காசிக் கரைக்குப் போன
எட்டு உடைகளும் அக்டோபரில் திரும்பின,
பொட்டுக் கிழிசல் இல்லாமல்.
ஆட்கள் ஐந்து பேர்.
அதில் இருவரைப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள்.
கேப்டன் கலஃபாத்தாஸ் என் தோளைத் தட்டினார்:
"தெமெலினா, உன் தையலில் ஒரு சொட்டு இறங்கவில்லை."

சகெல்லாரிஸ் இருபத்தைந்து பாகத்தில்
ஒரு மணி நேரம் இருந்தானாம்.
சிரித்துக்கொண்டே ஏறினானாம்.
தலையைக் கழற்றியதும் சிகரெட் கேட்டானாம்.
பாதி சிகரெட்டில்
இடுப்புக்குக் கீழே அவன் இல்லை.
கழுத்து வரை சுடுமணலில் புதைத்து வைத்தார்கள்,
உடம்பு திரும்பும் என்று.
சாயங்காலம் அந்தக் குழியையே
இன்னும் கொஞ்சம் ஆழமாக்கினார்கள்.

குளிர் என்றார் ஒருவர்.
பிசாசு என்றார் இன்னொருவர்.
எனக்கு வைத்தியம் தெரியாது.
உடை நனைந்திருந்தால்
அவன் சீக்கிரம் ஏறியிருப்பான்,
அது மட்டும் தெரிந்தது.

அந்தக் குளிர்காலம் பெண்கள் திரண்டு
மூன்று உடைகளைத் துறைமுகத்தில் போட்டு எரித்தோம்.
புகை கறுப்பாகப் போய்
தேவாலய மணியில் படிந்தது.
மார்ச்சில் கேப்டன் முன்பணம் நீட்டினார்.
எரித்தவர்களே புருஷன்மார் அளவோடு
என் வாசலில் நின்றார்கள்.
மாவு வாங்க வேண்டுமே.

நோமிகோஸ் என் புருஷன்.
முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அவன் உடையில், இடது முட்டியில்,
பழைய ஒட்டுக்கு அடியில்
ஒரு விரல் நீளம் பசை தடவாமல் விட்டேன்.
நின்றால் மூடியிருக்கும்.
மண்டியிட்டால் திறக்கும்.
கொஞ்ச நேரத்தில் ஈயச் செருப்பு வரை நிறையும்,
பல் கிட்டும்,
கயிற்றை இழுத்துத்தான் ஆக வேண்டும்.
மேலே வெள்ளை நூலால் தைத்து மூடினேன்.
அவ்வளவு அழகாக நான் எதையும் தைத்ததில்லை.

அக்டோபரில் இறங்கினான்.
நடந்து இறங்கினான்.
படகிலேயே அவன் கொண்டுவந்த பஞ்சுதான் குறைவு,
முன்பணத்தில் பாதி கடனாகவே நின்றது.
"உன் பெண்டாட்டிக்குக் கண் அவிந்துவிட்டது" என்று
கரை முழுக்கக் கேட்கக் கத்தினார் கேப்டன்.
என் வேலை சீமித் தீவுக்காரன் ஒருவனுக்குப் போனது.

அன்றிரவு
வெந்நீர்ச் சட்டியில் கால்களை வைத்துக்கொண்டு
முட்டியைத் தடவியபடி நோமிகோஸ் கேட்டான்:
"எல்லார் உடையிலுமா,
என் உடையில் மட்டுமா?"

எதிர்வீட்டில் யக்கூமிஸின் மனைவி
கதவைச் சாத்தும் சத்தம்.

யக்கூமிஸின் உடையை
நன்றாகத்தான் தைத்திருந்தேன்.