உள்தாழ்ப்பாள்

காரைக்குடியில் கதவுக்குப் பஞ்சமில்லை.
முனீஸ்வரன் கோவில் தெருவில் போய்ப் பாருங்கள்,
பர்மாத் தேக்கு சுவரோடு சாய்ந்து நிற்கும்.
அதில் ஒன்றைக் கண்ணாடி போட்டுச்
சாப்பாட்டு மேசையாக்கப் போவதாக
பெங்களூர்க்காரர் ஒருவர் விலை பேசிக்கொண்டிருந்தார்,
நான் பேருந்துக்கு ஓடிய அன்று.

எங்கள் அறைக்குக் கதவு இல்லை.
அறை என்றும் சொல்ல முடியாது.
மருந்துக் கிடங்குக்கும் ஊசி போடும் இடத்துக்கும் நடுவே
இரண்டு நாற்காலி, ஒரு மேசை,
மனநல ஆலோசனை என்று ஒரு பலகை.
உட்கார்ந்தவர் வாய் திறக்கும் நேரம் பார்த்து
யாராவது எட்டிப் பார்ப்பார்கள்,
"பிரஷர் மாத்திரை இங்கயா?"
திறந்த வாய் மூடிக்கொள்ளும்.
பிறகு அடுத்த மாதம்தான்.
வந்தால்.

மாவட்டத்தில் நாங்கள் பதினொரு பேர்.
ஒப்பந்தம். ஏழு மாதச் சம்பளம் பாக்கி.
இளையான்குடி சம்சத்தின் வளையல் அடகில் இருந்தது.
காளிராசு இரவெல்லாம் சரக்கு ஆட்டோ ஓட்டிவிட்டு
தூக்கம் வராதவர்களுக்குப் பகலில்
தூங்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தான்,
கொட்டாவியை விழுங்கியபடி.

அடைக்கலமேரியைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை.
தேவகோட்டை பேருந்து நிலைய டீக்கடையில்
எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம்,
அவள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.
இவதான் தலைவி என்றான் காளிராசு.
"கேக்குறது என் வேலைப்பா, அதுக்குப் பதவியா?"
சங்கப் படிவத்தில் கையெழுத்துப் போட
அவள் பேனா எழுதவில்லை.
என்னுடையதைக் கொடுத்தேன்.
இன்னும் திரும்பி வரவில்லை.

மனுவின் முதல் பிரதி ஆறு பக்கம்.
கல்லல் பக்கத்துப் பெண் ஒருத்தி
ஒன்றரை வருடம் கழித்துச் சிரித்தது,
கண்டனூர்ப் பையன் மறுபடி பள்ளிக்குப் போனது,
எல்லாம் எழுதியிருந்தோம்.
மேரி என் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தாள்.
"ஊர்ப் பேரை எடு. வயசை எடு.
சிரிச்சதையும் எடு, அது அவளோடது."
மிஞ்சியது அரைப் பக்கம்:
சம்பளம். பயணப்படி.
சாத்தக்கூடிய கதவு ஒன்று,
உள்தாழ்ப்பாள் இல்லாதது.

சிவகங்கையில் திங்கட்கிழமை, குறைதீர் நாள்.
டோக்கன் இருநூற்றுப் பன்னிரண்டு.
"பேசறதுக்கு என்னம்மா செலவு, மரத்தடி போதாதா?"
என்று தொடங்கிய அதிகாரி
பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார்.
"ஒரு உதாரணம் சொல்லுங்க,
மேல எழுத வசதியா இருக்கும்."

பதினொரு பேரிடமும் உதாரணம் இருந்தது.
என் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.
சம்சத் என் கையைக் கிள்ளினாள்.
மேரி சொன்னாள்,
"சொன்னா கதவு கிடைக்கும் சார்.
அப்புறம் அதுக்குள்ள யாரும் வர மாட்டாங்க."

அவர் எங்களைத் தாண்டி
பட்டாவோடு நின்றவரைப் பார்த்தார்.
"அடுத்து."

திரும்பும் பேருந்தில் எனக்கு அவள்மேல்தான் கோபம்.
ஒரே ஒரு கதை, பேர் இல்லாமல்,
சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்?
கேட்டும்விட்டேன்.
காளையார்கோவில் தாண்டும்வரை பதில் இல்லை.
"நானும் அதைத்தான் யோசிச்சிட்டு வர்றேன்" என்றாள்.

மூன்று மாதச் சம்பளம் வந்தது. நான்கு பாக்கி.
கதவுக்கும் ஒரு கோப்பு வந்தது.
மரக்கதவு, எண்ணிக்கை ஒன்று.
கீழே சிவப்பு மையில்:
'உள்தாழ்ப்பாள் விடுபட்டுள்ளது. சேர்க்கவும்.'

ஏன் வேண்டாம் என்று இனி விளக்க வேண்டும்.
அந்த ஏனுக்கு ஒரு முகம் உண்டு, எங்களுக்குத் தெரியும்.
முகம் தெரியாமல் எழுத வேண்டும்.
மேரி தேதி மட்டும் போட்ட வெள்ளைத் தாளோடு
ஜன்னல் ஓரம் நிற்கிறாள்.
அந்தப் பக்கம் ஊசிக்குப் பயந்து ஒரு குழந்தை அழுகிறது.
நாற்காலியில் இருப்பவர் இன்னும் தொடங்கவில்லை,
காளிராசு காத்திருக்கிறான்.
நான் போய் வழியில் நிற்கிறேன்,
உள்பக்கம் முதுகு காட்டி.

"மாத்திரை எதிர்ப்பக்கம்ணே."