பாட்டுப்பலகை

சனிக்கிழமை சாயங்காலம்
ஆயரையா துண்டுச்சீட்டில் எழுதித் தருவார்:
முப்பத்தேழு, நூற்றெண்பத்தொன்று, இருநூற்றாறு.
தகர எண்களை வேட்டி நுனியில் துடைத்து
பலகையின் பள்ளத்தில் ஒவ்வொன்றாய்ச் செருக வேண்டும்.
கோயில்குட்டி வேலையில்
விளக்கு, மணி, பாய், வௌவால் எச்சம்
எல்லாவற்றையும் கர்த்தருக்கென்று செய்துவிடுவேன்.
இந்த ஒன்றில் மட்டும்
விரல் ஊறும்.

ஏழு. ஒன்று. எட்டு. ஒன்று.
கடைசி நாலு இலக்கம் இப்படி வந்தால்?
பீடத்துக்கு முதுகு காட்டி நிற்கிறேன்,
எச்சில் விழுங்குகிறேன்.

*

படந்தாலுமூட்டிலிருந்து நடந்தால் களியக்காவிளை,
சந்தையைக் கடந்தால் இஞ்சிவிளை.
இந்தப் பக்கம் அது குற்றம்.
நாற்பதடி தள்ளி அது அரசாங்கம்.
அட்டையில் கிளிப் போட்டு
காற்றில் படபடக்கும் சீட்டுகள்.
"ஒண்ணு எடுக்கியளா அண்ணே,
இன்னைக்கு மூணு மணிக்கு."

பதினோரு வருஷம் எடுத்தேன்.
மரச்சீனி வாங்கப் போவதாய்ச் சொல்லிப் போவேன்,
திரும்பும்போது கையில் மரச்சீனியும் இருக்கும்.
பொய்யே சொன்னதில்லை என்பதில்
எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.
றோஸ்லெட்டின் கம்மல் கூட்டுறவு வங்கிக்குப் போனது,
ரப்பர் ஷீட் விற்ற பணம் போனது,
மகளின் காலேஜ் பீஸில் ரெண்டாயிரம்
"அடுத்த வாரம்" என்ற சொல்லுக்குள் போனது.
ஒரே ஒருமுறை ஐயாயிரம் விழுந்தது.
விழாமலிருந்தால்
எப்போதோ தப்பித்திருப்பேன்.

*

விட்டுப் பத்து மாதம்.
உபவாசக் கூட்டத்தில் எழும்பி நின்று சாட்சி சொன்னேன்.
ஸ்தோத்திரம் என்றார்கள். றோஸ்லெட் அழுதாள்.
அன்று ராத்திரி
கதவைத் தட்டாமல் அது வந்தது,
ஞாயிறு உடுப்பு உடுத்து, ஈரத்தலை சீவி,
காணிக்கைப் பையோடு
என் கட்டில் ஓரத்தில் இருந்தது:
கோயில் கூரை ஒழுகுதே,
ஒண்ணு விழுந்தா ஓடு மாத்தலாமே,
ஒனக்காகவா கேக்கிய?

ஜெபிக்க வாயெடுத்தேன்.
ஓட்டுக்கணக்கு வந்தது,
ஆயிரத்துக்கு என்ன விலை, ஏற்றுக்கூலி எவ்வளவு.

*

போன புதன்கிழமை மணிக்கயிறு அறுந்தது.
நல்ல கயிறு பாறசாலையில்தான் கிடைக்கும் என்று
சபைச் செயலர் வில்பிரட்
முந்நூறு ரூபாயைக் கையில் வைத்தார்.
டிக்கெட் பாறசாலைக்கு எடுத்து
களியக்காவிளையில் இறங்கிவிட்டேன்.
மணி ரெண்டு ஐம்பது.
வெற்றி என்று சொல்ல முடியாது,
கால் நடுங்கியது, மூத்திரம் முட்டியது.
இந்தப் பக்கத்துக் கடையில்
கிடைத்த நைலான் கயிற்றை வாங்கிக்கொண்டு
மூணு பத்து ஆகும்வரை
மீன்சந்தைப் படியில் குத்தவைத்திருந்தேன்.
சாளை விற்கிறவள்
"என்ன, வயிறு சரியில்லியா?" என்றாள்.
ஆமா என்றேன்.

நைலான் ஒவ்வொரு மணிக்கும் உள்ளங்கையை அறுக்கிறது.
வில்பிரட்டுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

*

இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன்:
தகரத்தைச் செருகும் முன்
அந்தப் பாட்டின் முதலடியை வாய்விட்டுப் பாடிவிடுவேன்.
எண்ணுக்குப் பாட்டு முந்த வேண்டும்.
முப்பத்தேழு வந்தது.
நூற்றெண்பத்தொன்று, சுருதி தப்பி, வந்தது.
இருநூற்றாறு
என்ன யோசித்தும் வரவில்லை.

கோயிலில் யாருமில்லை.
தகர ஆறு தொலைந்து வருஷங்களாகிறது,
ஒன்பதைக் கவிழ்த்து ஆறாக்குவதே வழக்கம்.
கையில் அது ஒன்பதாகிறது, ஆறாகிறது, ஒன்பதாகிறது.
எல்லைக்கு இன்னும் பஸ் இருக்கிறது.

பலகையில் கடைசிப் பள்ளத்தை அப்படியே விட்டு
அலமாரியைத் திறக்கிறேன்,
மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறேன்,
பாட்டுப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாய்ப் புரட்டுகிறேன்,
விரலில் எச்சில் தொட்டு.