பதினான்கு மாதம்

சி.ஓ.இ. முடியப் பதினான்கு மாதம்.
அதன்பிறகு இந்த வேன் இரும்புவிலைக்குப் போகும்.
இதற்கா இருநூற்று நாற்பது வெள்ளி
என்று கேட்டார் வீட்டுக்காரர்.
கேட்டுவிட்டு, டார்ச்சைத் தேடி எடுத்துத் தந்தார்.

ஈசூன், பலமாடிக் கார்நிறுத்தம், ஏழாம் தளம்.
இரவு பத்தரை. காற்றே இல்லை.
கதவின் உள்பலகையைப் பிடுங்கினேன்:
பதினொரு கிளிப்பில் மூன்று உடைந்தன.
காணொளியில் அந்தப் பையன் இழுத்தபோது
ஒன்றுகூட உடையவில்லை.
அவனுடையது புது வண்டியாக இருக்கும்.

உள்ளே வெறும் தகரம்.
ஆறு வருடமாக என் வலது காதுக்கும்
விரைவுச்சாலைக்கும் நடுவே
இவ்வளவுதான் இருந்திருக்கிறது.
தட்டினேன். காலிக் குடம்போல் ஒலித்தது.
கறுப்புத் தார்ப்பட்டையை அளந்து ஒட்டி
சப்பாத்திக் கட்டையால் அழுத்தித் தேய்த்தேன்
(உருளைக்குத் தனியாகப் பதினெட்டு வெள்ளி, யார் கொடுப்பது?)
மறுபடி தட்டினேன்.
பூசணிக்காய்.

தரைவிரிப்புக்கு அடியில்
இருபது காசு ஒன்று, காய்ந்து சுருண்ட தவுகே,
எனக்குமுன் ஓட்டியவர் வைத்த சிவப்புத் தாள்,
எழுத்தெல்லாம் அழிந்து.
காசை எடுத்துக்கொண்டேன்.
தாளை இருந்த இடத்திலேயே விட்டு மூடினேன்.

இருக்கைக்கு, புளோக் அடியில் யாரோ போட்ட மெத்தை.
நகரமன்ற லாரி வருவதற்குள்
ரொட்டிக் கத்தியால் இரண்டு துண்டம்.
ஒன்று என் இடுப்புக்கு.
மற்றது பக்கத்து இருக்கைக்கு.
அங்கே பகலெல்லாம் ரசீதுப் புத்தகம் உட்காரும்,
விடிகாலை மூன்றிலிருந்து ஆறுவரை
தோஃபு ஆலையின் மொஃபிஸுல்.

முதல் நாள் கதவைத் திறந்தவன்
ஏறாமல் நின்றான்.
காற்சட்டையில் தோஃபுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
பழைய செய்தித்தாளைத் தேடி விரித்து
அதன் முன்விளிம்பில் மட்டும் உட்கார்ந்தான்,
நேர்முகத்துக்கு வந்தவன்போல.
"அழுக்கானா கழுவிக்கலாம்" என்றேன்.
தலையாட்டினான். நகரவில்லை.

மண்டாய் தாண்டும்போது மழை.
கூரைக்குப் பட்டை போதவில்லை,
அதனால் தலைக்குமேல் மட்டும் அதே பழைய இரைச்சல்.
கதவுகள் வாயை மூடிக்கொண்டிருந்தன.
அந்த அரைகுறை அமைதியில்தான் கேட்டது:
தூக்கத்தில் அவன் எண்ணிக்கொண்டிருந்தான்.
பெட்டிகளைத்தான். வங்காளத்தில்.
எங்கோ ஓர் எண்ணில் தடுக்கும்,
முதலிலிருந்து ஆரம்பிப்பான்.
இரண்டு வருடம் பக்கத்திலேயே எண்ணியிருக்கிறான்,
எனக்குக் கேட்டதில்லை.

பூன் லே சந்தையில் எழுப்பினேன்.
முழு முதுகையும் சாய்த்துக் கிடந்தான்,
செய்தித்தாள் எப்போதோ கீழே நழுவியிருந்தது.
விழித்ததும் கண்ணைக்கூடத் துடைக்காமல்
உள்ளங்கையால் மெத்தையைத் தடவிப் பார்த்தான்.
ஈரம். ஒரு தட்டு அகலம்.
அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"கூரைக்கு இன்னும் நூறு வெள்ளி ஆகும்"
என்று சொல்லிவிட்டுப்
பின்கதவைத் திறக்கப் போனேன்.