இடது கதவு

ருஸ்தாவி கார்ச்சந்தை. விடிந்தால் விற்பனை.
"ரோட்டரியை எடு மாக்வாலா,
அரை மணியில் முடியும்" என்கிறான் நுக்சார்.
முடிக்கும்.
விளிம்பில் ஒரு கணம் அசந்தால்
பெயின்ட்டையும் சேர்த்தே முடிக்கும்.

நான் எடுத்தது ஆடிக்கொண்டே சுழல்வது.
மெத்தென்ற பஞ்சு, பட்டாணியளவு பேஸ்ட் நாலு சொட்டு,
அழுத்த வேண்டாம், மெஷினின் கனமே போதும்.
விளக்கைச் சாய்த்துப் பார்த்தால்
சிலந்திவலைக் கீறல்கள்
இழையிழையாய்க் கழன்றுகொண்டிருக்கின்றன.

கடைசியாக இடது கதவு.
மானியில் நூற்றுப்பத்து இருந்த மைக்ரான்
ஐந்நூறுக்குத் தாவியது.
அடியில் பட்டி பார்த்திருக்கிறது,
அமெரிக்காவில் எங்கோ, யாரோ இடித்து.
நுக்சார் மானியைப் பார்த்தான்,
பிறகு தூரத்துக் குன்றைப் பார்த்தான்.
அதையும் மெருகேற்றினேன்.
கூலி கூலிதான்.

காலையில் வந்தவர்
காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
அந்தக் கதவில்தான்
குனிந்து தலை வாரிக்கொண்டார்.