பூச்சியம் இருக்கவேண்டிய இடத்தில்

டிக்.
அவ்வளவுதான்.
சாவியைத் திருப்பினால்
பொனெற்றுக்குள் இருந்து யாரோ
உச்சுக் கொட்டுவதுபோல் ஒரு டிக்.

உவர்மலை. ஜெறோம் வீட்டுத் தகரக் கொட்டகை.
உடம்பு மொறிஸ் மைனர், அறுபத்திரண்டாம் ஆண்டு.
நெஞ்சுக்குள் டட்சன் எஞ்சின்,
கந்தளாயில் கவிழ்ந்த ஒரு சன்னியிலிருந்து கழற்றியது.
பாதிக் காசு அவனுடையது, பாதி என் சீட்டுக்காசு.
பெயின்ற் அவன் பாடு, துப்பரவு என் பாடு.

முதற் சனி பற்றரி மாற்றினோம்.
இரண்டாம் சனி ஸ்ராட்டர்.
மூன்றாம் சனி பேச்சை நிறுத்தினோம்.
"மலிஞ்ச மோட்டர் வாங்கினது ஆர்?"
"சொலினொயிட் வயரைப் பிழையாப் பூட்டினது ஆர்?"
இதற்கிடையில்
சிவப்பும் நீலமும், சந்தேகமான இடத்தில் பென்சிலுமாக
நாங்கள் வரைந்துவைத்த வயரிங் படத்தைக்
கோட்டைப் பக்கமிருந்து ஏறிவந்த மானொன்று
தின்றுவிட்டது.
முழுவதையும் அல்ல. ஸ்ராட்டர் பகுதியை மட்டும்.
ஹோன், வைப்பர் எல்லாம் மிச்சம்.

நான் ரெலிக்கொம்காரி.
ஊர் முழுக்க அறுந்த லைன் தேடுவதற்குச் சம்பளம்.
நாலாம் சனி கந்தோர் மல்ரிமீற்றரோடு வந்து
"திருப்பு" என்றேன்.
இரண்டு கிழமையில் அவனோடு பேசிய முதற்சொல்.

பற்றரியின் இரு முனையிலும் பன்னிரண்டு தசம் ஆறு.
திருப்பும்போது பன்னிரண்டு தசம் ஒன்று.
செத்த பற்றரியின் கணக்கல்ல இது.
இன்னொருக்கால், இன்னொருக்கால் என்று
அவனைத் திருப்பவைத்துக் குனிந்தவள்
சமநிலைக்குக் கை ஊன்றிய இடம் சோக் கேபிள்.

சுட்டது.
நெத்தலி பொரிகிற தாச்சியைத் தொட்டதுபோல் சுட்டது.

காற்றை மறிக்கிற வெறுங்கம்பி அது.
மின்சாரத்தோடு அதற்கென்ன கொடுக்கல் வாங்கல்?
மீற்றரின் ஒரு முனை பற்றரி நெகட்டிவில்,
மறுமுனை எஞ்சின் இரும்பில்.
"திருப்பு."
பூச்சியம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்பது.

போவதற்குப்
பெருவிரல் தடிப்பில் சிவப்புக் கேபிள் போட்டிருந்தோம்.
போனது திரும்பி வரவேணுமே என்று
ஒருவரும் நினைக்கவில்லை.
எஞ்சின் குந்தியிருப்பது றப்பர்க் கட்டையில்.
கட்டைக்குக் கீழே ஜெறோமின் மூன்று பூச்சு,
முகம் பார்க்கலாம்.
ஆக, முழு மின்சாரமும்
மூதூர்க் கடைசி பஸ்ஸில் தொங்குகிற சனம்போல
அந்த ஒற்றைச் சோக் கம்பியில் தொங்கியிருக்கிறது.

அப்போதுதான் நினைவு வந்தது.
ஐப்பசியில் எஞ்சின் அறை கழுவிய அன்று
பச்சைக் களிம்பேறிய செப்புப் பின்னல் ஒன்றை,
உப்புக்காற்று தின்ற கந்தல் என்று
குப்பையில் போட்டேன்.
சடை மாதிரி இருந்தது.
ஒரு பக்கம் எஞ்சினில், ஒரு பக்கம் உடம்பில்.
அதுதான் ஏர்த்.

"உன்ர பெயின்ற்தான்" என்று சொல்லியிருக்கலாம்.
பாதி உண்மை.
இந்தக் காரில் எல்லாமே பாதிப்பாதிதானே.

சொன்னேன், மற்றப் பாதியையும்.
அவன் சிரிக்கவில்லை. ஏசவுமில்லை.
உள்ளே போய் உப்புத்தாள் எடுத்துவந்து
தன் மூன்று பூச்சையும்
ஐந்து ரூபாக் குத்தி அளவுக்குத் தானே சுரண்டினான்,
இரும்பு வெள்ளையாய்ச் சிரிக்கும்வரை.
பழைய கேபிளில் ஒரு முழம் வெட்டி
முனைகளுக்கு வளையம் நசுக்கினேன்.
முறுக்கிப் பூட்டி, மேலே வஸ்லின்,
கடல் மறுபடி கடிக்காதிருக்க.

பூச்சியம் தசம் இரண்டு.
பூச்சியமில்லைத்தான்.
திருப்பினான்.
ஒரு இருமல். இன்னொன்று.
பிறகு தகரம் முழுதும் அதிர்ந்து
ஓட்டைகளால் விழுந்த வெயிற்காசுகள் நடுங்கின.
அவன் ஏதோ கத்தினான். கேட்கவில்லை.
கேட்காததற்கும் தலையாட்டினேன்.

டச்சுக்குடா வளைவில்
வீதி நடுவே நின்றது அதே மான்,
அல்லது அதன் சொந்தக்காரர் யாரோ.
ஜெறோம் ஹோனை அமத்தினான்.
வைப்பர் ஒருமுறை
இடமிருந்து வலம் போய் வந்தது.
மான் விலகவில்லை.

மிச்சப் படம் எங்கே வைத்தோம்?