முப்பத்தாறு குறிகள்

செட்டியார் தெரு. கீழே அடைவு கடை, மேல்மாடியில் நான்.
பழைய மென்பொருள் நாளையோடு சாகிறது.
அது கக்கிய கோப்பு திரையில் கிடக்கிறது:
நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழு நிரைகள்.
திங்கள் காலை ஒன்பதுக்குள்
புதியது இதை விழுங்கவேண்டும்.

விழுங்காது.
முதலாவது நிரையிலேயே துப்பிவிட்டது.

"சங்கிலி, பதக்கத்தோடு" என்று எழுதியிருக்கிறார்கள்.
காற்புள்ளியில் நிரல் உடைந்து
பதக்கம் போய் நிறைக்குள் உட்கார்ந்துகொண்டது,
நிறை வட்டிக்குள், வட்டி தொலைபேசிக்குள்.
தொலைபேசி எண்களுக்கு முன்னால் நின்ற பூச்சியங்களை
எக்செல் ஏற்கெனவே தின்றுவிட்டது.
முன்னால் நிற்கிற பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லையாம்.
அது இல்லாத நம்பருக்கு
எந்த வீட்டிலும் மணி அடிக்காது.

நகைப் பெயர்கள் பாமினி எழுத்துருவில்.
எழுத்துரு இல்லாத இடத்தில் தாலி என்பது
ஜே, எச், வை, பீ.
மாற்றியில் போட்டுத் தாலியாக்கி எடுத்தேன்,
நூற்றுத் தொண்ணூறு தரம்.

நவம்பர் மூன்றாந் திகதி வைத்த காப்பு
மார்ச் பதினொன்றில் வைத்ததாகி
எட்டு மாத வட்டி கூடுதலாய் ஏறிக்கிடந்தது.
கொட்டாஞ்சேனை மரிய பெனடிக்ராவுக்கு
அவருக்கே தெரியாத கடன்.
நாளையும் மாதத்தையும் இடம் மாற்றித் தள்ளுபடி செய்தேன்.
ஒருவரும் நன்றி சொல்லவில்லை.

பிற்பகல் மழை. கீழே நாட்டாமிகள்
வண்டிலுக்குத் தறப்பாள் இழுத்துக் கட்டுகிற சத்தம்.
ஏற்றினேன். பச்சை. எல்லா நிரையும் உள்ளே.
பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு
சும்மா ஒன்றைத் திறந்து பார்த்தேன்.

பிள்ளை வந்து மீட்கும். அதுவரை உருக்க

அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகூட இல்லை.
பழைய கோப்பில் தேடினேன்:
அதுவரை உருக்கக் கூடாது.

புதிய பெட்டிக்குள் முப்பத்தாறு குறிகள்தான் கொள்ளும்.
கொம்பையும் அரவையும் மேலே வைக்கிற குற்றையும்
தனித்தனி ஆட்களாக எண்ணுகிறது.
நாங்களோ மறுப்பைக் கடைசியில் வைக்கிறவர்கள்.
வாக்கியம் முடிகிறவரை
சம்மதம் மாதிரியே இருக்கும்.

ராஜகிரிய கம்பனியில் ருவந்திக்கு அழைத்தேன்.
பெட்டியைப் பெருப்பிக்க ஏலாது,
அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றாள்.
இங்கிலீசில் எழுதுகிறவர்கள் முறையிடவில்லையே?
அங்கே 'நொட்' முந்திக்கொண்டு வந்துவிடும்,
வால் அறுந்தாலும் தப்பிவிடும் என்றேன்.
கொஞ்ச நேரம் லைனில் ஒன்றுமில்லை.
பிறகு அவளாகவே,
சிங்களத்திலும் 'எப்பா' கடைசியில்தானே என்றாள்.

வடிகட்டினேன். நீளக் குறிப்புகள் இருநூற்றுப் பன்னிரண்டு.
எல்லாம் 'சோதி' என்ற பயனர் எழுதியவை.
யாரென்று கடையில் இப்போது எவருக்கும் தெரியவில்லை.
மருமகன் வந்து கேட்டால் கொடுக்க வேண்டாம்.
இந்த மாதம் வட்டி கேட்க வேண்டாம்.
வீட்டு நம்பருக்கு அழைக்க வேண்டாம், மனுசி அறியாது.
ஒவ்வொன்றாகப் புரட்டினேன்,
வேண்டாமைப் பிடித்து முன்னுக்கு இழுத்து.

இரவு ஒன்பதே கால். கடைசி நிரை.
உருக்கக் கூடாது. பிள்ளை வந்து மீட்கும்
என்று திருப்பி எழுதி ஏற்றினேன்.
'ம்' உள்ளே போகவில்லை.
விரல் விட்டு எண்ணினேன், கணக்குச் சரி.

உருக்கக் கூடாது. பிள்ளை வந்து மீட்கு

அதை நான் திருத்தவில்லை.